நீ கேட்ட பத்தும் நான் அனுப்பும் நான்கும்

பாப்பாரப்பட்டி,
தை மாதம்.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலமாக இருக்கிறோம். உன்னுடைய நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்காக, கேட்டவுடன் வியந்துபோகும்படியான பத்துச் செய்திகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். நீ ஏற்கெனவே திரட்டிய பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். அதை உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

முதலில் அந்தப் பட்டியலில் இருந்து ஒன்றை அடித்துவிடு. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியில் இருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மையன்று. 2003-ஆம் ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரரான யாங் லிவெய், தம்மால் அதைக் காண முடியவில்லை என்று தாமே சொல்லியிருக்கிறார். கிளியோபாட்ரா பிரமிடு கட்டப்பட்ட காலத்தைவிட மனிதன் நிலவில் இறங்கிய காலத்துக்கு நெருக்கமானவள் என்று எழுதியிருக்கிறாயே, அது சரியானது. பெரிய பிரமிடு அவளுக்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் மூத்தது; அவள் கி.மு. 30-இல் இறந்து நிலவுப் பயணம் நடக்க 2,000 ஆண்டுகள் கூட ஆகவில்லை. அதை வைத்துக்கொள்.

ஆனால் பட்டியலின் ஏழாவது வரியில் வந்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். "1919-இல் பாஸ்டன் நகரத் தெருவில் வெல்லப்பாகு வெள்ளம் வந்தது" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை, கண்ணு. யார் கேட்டாலும் முதலில் சிரிக்கத் தோன்றும் செய்திதான். ஆனாலும் நான்கு தலைமுறையாகக் கரும்பு காய்ச்சிய வீட்டில் பிறந்த நீ, அந்தச் செய்தியின் மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அது நீ இப்போது வாழும் ஊரில் நடந்ததும் ஆகும்.

அது நம் ஆலைக்கொட்டகையில் பார்த்த பாகு அன்று. நாம் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சி அப்படியே வெல்லமாக வார்த்துவிடுவோம்; சாற்றில் உள்ளதெல்லாம் வெல்லத்துக்குள்ளேயே நின்றுவிடும். பாலக்கோட்டில் இருப்பது போன்ற சர்க்கரை ஆலையில், சர்க்கரையைப் படிகமாக்கிச் சுழற்றிப் பிரித்தெடுத்த பிறகு, இனிப்பும் கரிப்பும் கலந்த கருமையான குழம்பு ஒன்று மிஞ்சும். அதைத்தான் மொலாசஸ் என்கிறோம். அதைப் புளிக்கவைத்தால் எரிசாராயம் கிடைக்கும். முதல் உலகப் போரின்போது வெடிமருந்து செய்வதற்கு அந்தச் சாராயம் பெரும் அளவில் தேவைப்பட்டதால், கப்பலில் வரும் மொலாசஸைத் தேக்கிவைக்க பாஸ்டன் துறைமுகத்தின் அருகில், நார்த் எண்ட் பகுதியில், 1915-இல் ஓர் இரும்புத் தொட்டியை அவசரமாகக் கட்டினார்கள். 15 மீட்டர் உயரமும் 27 மீட்டர் அகலமும் கொண்ட அதைச் சுற்றி, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளே நெருக்கமாக வாழ்ந்தார்கள். கட்டும் வேலையை மேற்பார்த்தவருக்குப் பொறியியல் தெரியாது. வரைபடத்தைப் படிக்கவும் தெரியாது. தொட்டியின் தகடுகள் இருக்கவேண்டிய கனத்தைவிட மெலிந்திருந்தன. முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. முதலில் இருந்தே மூட்டுகளில் கசிந்தது. அந்தக் கசிவைத் தகரக் குவளையில் பிடித்துக்கொண்டு போகத் தெருப்பிள்ளைகள் வருவார்களாம். கசிவு வெளியே தெரியாமல் இருக்கத் தொட்டியைக் கட்டிய நிறுவனம் செய்தது என்ன தெரியுமா? தொட்டிக்குப் பழுப்பு நிறம் அடித்தது.

1919 ஜனவரி 15 அன்று, நம் ஊரில் பொங்கலை ஒட்டிய நாளில், மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பிறகு அந்தத் தொட்டி வெடித்துப் பிளந்தது. உள்ளே ஏறத்தாழ 87 லட்சம் லிட்டர் இருந்தது. மொலாசஸ் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், அதன் எடை 12,000 டன்னைத் தாண்டும். பத்து டன் ஏற்றும் கரும்பு லாரிகள் 1,200-ஐ ஒரே இடத்தில் நிறுத்தியதாக நினைத்துக்கொள். அவ்வளவும் ஏழு மீட்டருக்கும் மேலான அலையாக எழுந்து, மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தெருவுக்குள் பாய்ந்தது. வீடுகள் அடித்தளத்தை விட்டுப் பெயர்ந்தன. தலைக்குமேல் ரயில் ஓடிய பாலத்தின் இரும்புத் தூண் வளைந்தது. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் பத்து வயதுப் பிள்ளைகள். உன் வகுப்புக்கு வருகிறவர்களின் வயதுதான் இருக்கும்.

பாகு அவ்வளவு வேகமாக ஓடுமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அவ்வளவு உயரத்தில் அடைபட்டிருந்த எடை ஒரு நொடியில் விடுபட்டால், எவ்வளவு கெட்டியான குழம்பாக இருந்தாலும் ஓடும் என்பதே விடை. இரண்டு நாள் முன்னர்தான் புதிய மொலாசஸைக் கப்பலில் இருந்து தொட்டிக்கு ஏற்றியிருந்தார்கள். அது வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது. தெருவில் பரவியதும் குளிர்காலக் காற்று பட்டு ஆறியது. ஆற ஆற இறுகியது. முதல் அடியில் தப்பியவர்களில் சிலர் பின்னர் அந்த இறுக்கத்தில்தான் மூச்சு முட்டி இறந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சிலர் 2016-இல் இதை ஆய்ந்து, குளிர்ந்து இறுகியதுதான் மீட்புப் பணியை அவ்வளவு கடினமாக்கியது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இங்கே உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் சித்தப்பாவின் வலது கையில், மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை உள்ள தழும்பை நீ பார்த்திருக்கிறாய். சிறுவயதில் தீயில் பட்டது என்று சொல்லி வைத்திருந்தோம். தீ அன்று; பாகு. கொதிக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. வெல்லப்பாகு இறக்கும் பதத்தில் 115 பாகையைத் தாண்டிவிடும், பட்ட இடத்தை விட்டு வழிந்தும் போகாது. தோலோடு ஒட்டிக்கொண்டு வேகும். அதனால்தான் உன்னைக் கொட்டகையின் வாசலில் சாம்பலால் கோடு போட்டு, அதைத் தாண்டி வராதே என்று கடுமையாகச் சொன்னேன். நீ அழுதுகொண்டே அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பாஸ்டனில் மொலாசஸ் சுடவில்லை, குளிர்ந்து கொன்றது. இருந்தாலும் அந்தப் பிடியை நான் அறிவேன்.

அந்த நிறுவனம், அரசை எதிர்ப்பவர்கள் குண்டு வைத்துவிட்டார்கள் என்று வாதாடியது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டு, தொட்டியின் பலவீனமே காரணம் என்றும் நிறுவனமே பொறுப்பு என்றும் 1925-இல் முடிவாயிற்று. நம் ஊரில் சுப்பிரமணிய சிவா காலமான ஆண்டும் அதுவே. எனக்கு அந்த ஆண்டைக் கேட்டாலே அவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். இன்னொன்று: தொட்டி வெடித்த மறுநாள்தான், அமெரிக்கா முழுவதும் மதுவை விலக்கும் சட்டத் திருத்தத்துக்குத் தேவையான 36-ஆவது மாநிலத்தின் ஒப்புதல் கிடைத்தது. சாராயத்துக்காகக் கட்டிய தொட்டி உடைந்து இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவுசெய்.

கரும்பைப் பற்றிப் பேசும்போது நம் அதியமானை விட்டுவிட முடியாது. இந்த நாட்டுக்கு முதலில் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அவனுடைய முன்னோர் என்று ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. நெல்லிக்கனியின் கதையைப் பிள்ளைகள் எப்படியும் கேட்டிருப்பார்கள்; வேறொன்றைச் சொல். குஜராத்தின் கிர்நாரிலும் பிற இடங்களிலும் அசோகர் பாறையில் வெட்டிவைத்த கட்டளைகளில், தம் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டாரைப் பட்டியலிடுகிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரை எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட "சதியபுதோ" யார் என்பதுதான் தெரியாமல் அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகில் ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், துறவிகள் படுப்பதற்கான குகையில், ஒரே ஒரு வரித் தமிழ்பிராமி எழுத்தைக் கண்டார்கள். "சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி" என்பது அதன் வாசகம். அசோகர் எழுதிய பெயரும் ஔவை பாடிய பெயரும் ஒரே வரியில் சேர்ந்து நின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்த புதிரை அவிழ்த்தது, ஒருவர் படுத்துறங்கக் கொடுத்த இடத்தின் தானக் குறிப்பு. தகடூரை, அதாவது நம் தர்மபுரியை, ஆண்டவன் பெயர் அசோகர் வரை எட்டியிருந்த குடிப்பெயர் என்பதை வகுப்பில் சொன்ன ஒவ்வோர் ஆண்டும் எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. இப்போதும் அப்படித்தான்.

மூன்றாவது செய்தி சின்னப் பிள்ளைகளுக்கானது. நம் அரூருக்குக் கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு அதை எடுத்தார்கள். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். நாய்க்கு நடுகல் எடுத்தார்கள் என்று மட்டும் பலர் சொல்லி முடித்துவிடுவார்கள். இறந்தவனின் பெயரையும் சேர்த்துச் சொல். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நாயை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது என்றால், அதைச் செதுக்கச் சொன்னவர்கள் அந்த வீரனை இழந்த துயரத்திலும் நாயை மறக்கவில்லை என்பதால்தான்.

நான்காவது உனக்கு மட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். 1944 தீபாவளிக்கு வெளிவந்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று உன் தாத்தா அடிக்கடி சொல்வார். அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகன் தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் 1944 நவம்பரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த வழக்கில் அவருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் தண்டனை கிடைத்து, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய், 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. படம் ஓடிய கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது மட்டும் இன்றுவரை நிறுவப்படவில்லை. எழுதியது பிடிக்காதவர்கள் பலர் இருந்தாலும், அவரும் குத்துப்பட்டு இறந்த ஒரு மனிதர். அந்தக் கேள்வி காற்றில் நிற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நீ பத்துக் கேட்டாய், நான் நான்கைத்தான் எழுதியிருக்கிறேன். மீதி ஆறையும் ஒவ்வொரு வாரமும் ஒன்றாக, முழுமையாக எழுதி அனுப்புகிறேன். உன் அம்மா இந்த ஆண்டு ஆலையில் வார்த்த வெல்லத்தில் இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறாள். ஊரில் இருந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்து அனுப்புவோம்.

தொட்டி இருந்த இடத்தில் இப்போது விளையாட்டுத் திடல் இருக்கிறதாம்; வாசலில் அந்த விபத்தைப் பற்றிய சிறிய பலகை ஒன்றும் உண்டாம். உனக்கு நேரம் கிடைக்கும் ஒரு நாளில் போய் அதைப் படித்துவிட்டு, திடலில் இருந்து கடல் எத்தனை அடி தள்ளியிருக்கிறது, வீடுகள் எத்தனை அடி தள்ளியிருக்கின்றன என்று நடந்து பார்த்து எனக்கு எழுது. அலை எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கும் என்பதை ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா