கதண்டு கடித்த அப்பாவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அப்பா நன்றாக இருக்கிறார். விசாரித்த எல்லோருக்கும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தென்னை மட்டை வெட்டப் போன இடத்தில், கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு கலைந்து, அவை அப்பாவைக் கொட்டிவிட்டன. கடுக்கிறது என்று கத்தியவர் கொஞ்ச நேரத்திலேயே "தொண்டையை அடைக்குதுடா" என்றார். 108-இல் வந்த தம்பிகளே, மல்லாக்கப் படுக்க வைக்கப் பார்த்த எங்களைத் தடுத்து, மூச்சுத் திணறுபவரைச் சாய்ந்து உட்காரவிட்டு, ஆக்சிஜன் மாட்டி, வழியிலேயே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு என்ன கேஸ் என்று சொன்னீர்களே, அதனால்தான் உள்ளே எல்லாம் தயாராக இருந்தது.

டியூட்டி டாக்டரம்மா, ஓ.பி. சீட்டு எங்கே என்று நீங்கள் கேட்கவே இல்லை. உதடும் நாக்கும் வீங்கி, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று வந்த சத்தத்தைக் கேட்டதுமே அட்ரினலின் என்றீர்கள். சிஸ்டர் வேட்டியை விலக்கி, தொடையின் வெளிப்பக்கம் அரை மில்லி போட்டுவிட்டார். எங்கள் பக்கம் கதண்டு கடி என்றால் அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசிதான் பேச்சு. அது அரிப்பைக் குறைக்கும், ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்கு ஆகும், அடைக்கிற தொண்டைக்கு அட்ரினலின்தான் என்று அப்புறம் பொறுமையாகச் சொன்னீர்கள். 5 நிமிடம் பார்த்துவிட்டு, போதவில்லை என்று இன்னொன்று போட்டதும்தான் அந்தச் சத்தம் அடங்கியது.

இதற்கு நடுவே அப்பாவின் கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டீர்கள். வாய்வழியே குழாய் இறங்காவிட்டால் அந்த இடத்தில் கீறித்தான் காற்று விட வேண்டியிருக்குமாம். நல்லவேளை அது எதற்கென்று அப்போது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அம்மாவுக்கும் ஒரு கட்டில் போட வேண்டி வந்திருக்கும். குழாய் போடத் தயாராக ஓடிவந்து, தேவைப்படாமலே கடைசிவரை பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

"சரியாயிடுச்சே, வீட்டுக்குப் போறேன்" என்று அடம்பிடித்தவரை, மறுபடி கொட்டாமலே சில மணி நேரம் கழித்தும் இது திரும்ப வரலாம் என்று அதட்டிப் படுக்க வைத்த நைட் சிஸ்டருக்கும் நன்றி. எங்கள் பேச்சை அப்பா கேட்டதே இல்லை.

அப்புறம், கூட்டை அழித்துக் கொடுத்த தீயணைப்பு நிலைய அண்ணன்களே, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பக்கம் வந்தால் இளநீராவது குடித்துவிட்டுப் போங்கள், வேறு ஆளை விட்டுத்தான் வெட்டுவோம்.