திருவாரூர் - காரைக்குடி லைனுக்கு டைம்டேபிள் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே அதிகாரிகளுக்கு வணக்கம்.

2023 ஏப்ரல்ல தாம்பரம் - செங்கோட்டை ரயிலை எங்க பட்டுக்கோட்டை வழியா விட்டீங்க, 2025 ஏப்ரல்ல பாம்பன் புது பாலம் திறந்தப்போ தாம்பரம் - ராமேஸ்வரம் ரயிலும் வந்துச்சு. ரெண்டுக்கும் மனசார நன்றி. ஆனா இந்த மடல் மெட்ராஸ் ரயிலுக்காக இல்லங்க. பேராவூரணியில ஏறி திருவாரூர்ல எறங்குறவங்களுக்காக, திருநெல்லிக்காவல், தில்லைவிளாகம், ஒட்டங்காடு மாதிரி சின்ன ஸ்டேஷன்ல நிக்கிறவங்களுக்காக, அவங்க நேரத்துக்கு ஒத்து வர்ற பாசஞ்சர் ரயில் கேட்டு எழுதுறேன்.

இந்த லைன் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் நெனச்சு பாருங்க. 1894-ல மாயவரத்துலேர்ந்து முத்துப்பேட்டை வரைக்கும் தண்டவாளம் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு காசுல, அதுக்குன்னே ஜனங்ககிட்ட தனியா செஸ்ங்கிற வரி வாங்கி போட்டது. நெல்லு வித்து வரி கட்டுன குடியானவங்க காசு அது. அப்புறம் 1903-ல அறந்தாங்கி வரைக்கும் போச்சு, காரைக்குடியை தொட்டது சுதந்திரத்துக்கு அப்புறம், 1952-லதான். உள்ளூர் ஜனங்க போய் வரத்தான் அந்த வரியை கட்டுனாங்க, அவங்க பேரப்புள்ளைங்க இன்னிக்கு பஸ்ல தொங்கிட்டு போறாங்க.

மீட்டர் கேஜ் காலத்துல பட்டுக்கோட்டை வழியா மெட்ராஸ் போற கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடுனதை எங்க பக்கம் பெருசுங்க இன்னும் சொல்லிட்டே இருப்பாங்க. 2012-ல அகலப்பாதை வேலைன்னு லைனையே மூடுனீங்க. காரைக்குடி - பட்டுக்கோட்டை 2018-ல திறந்துச்சு, பட்டுக்கோட்டை - திருவாரூருக்கு 2019 ஜூன் வரைக்கும் காத்திருந்தோம். அந்த வருஷங்கள்ல பள்ளிக்கூடம் சேர்ந்த புள்ளைங்க ஊர்ல ரயிலையே பாத்ததில்ல.

சரி திறந்தாச்சேன்னு பாத்தா ரோட்டை மூடுற ரயில்வே கேட்டுக்கு ஆள் இல்ல. ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாடியும் டெமு, அதாவது டீசல்ல ஓடுற பாசஞ்சர் ரயில், நிக்கும், முன்னாடி பெட்டியில இருக்குற கேட்கீப்பர் எறங்கி ரோட்டை மூடுவார், ரயில் மெதுவா தாண்டி மறுபடி நிக்கும், பின்னாடி பெட்டியில இருக்குறவர் எறங்கி கேட்டை தொறந்து விட்டு ஓடி வந்து ஏறுவார், அடுத்த கேட்லயும் இதே கதை. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம்! அந்த வெயில்ல எறங்கி ஏறுன கேட்கீப்பர்களை குறை சொல்ல மாட்டேன், அவங்க பட்ட பாடு கண்ணால பாத்தது. ஆனா அப்போ பஸ்ஸுக்கு போன ஜனம் போனதுதான், ரயில் நேரத்துக்கு வராதுங்கிற எண்ணம் மனசுல ஊறிப்போச்சு. அதுக்கப்புறம் கேட்டுக்கு ஆள் போட்டு நேரமும் கொறைஞ்சுது, அதை ஒத்துக்கறேன்.

இப்ப கூட்டம் இல்லைன்னு கணக்கு காட்டி பாசஞ்சரை கூட்டாம இருக்காதீங்க. ஆபீசு, காலேஜ் நேரத்துக்கும் ஆஸ்பத்திரி ஓபிக்கும் ஒத்து வராத ரயில்ல யாரு ஏறுவா சொல்லுங்க? திருவாரூர்ல மெடிக்கல் காலேஜ் இருக்கு, மத்திய பல்கலைக்கழகம் இருக்கு, அந்தப் பக்கம் காரைக்குடியில அழகப்பா யுனிவர்சிட்டி இருக்கு, நடுவுல பட்டுக்கோட்டை, பேராவூரணி தேங்கா யாவாரிங்க, அதிராம்பட்டினம் மீன்காரங்க இருக்காங்க.

பட்டுக்கோட்டையை நடுவுல வெச்சு, காலையில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டெமு ஒன்பது மணிக்குள்ள போய் சேர்ற மாதிரி, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கெளம்பி திரும்பற மாதிரி போடுங்க. சின்ன ஸ்டேஷன் எல்லாத்துலயும் நிறுத்துங்க. ஒரு வருஷம் நேரம் தவறாம ஓட்டி பாத்துட்டு அப்புறம் டிக்கெட் கணக்கை எடுங்க.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை பக்கத்து பயணி ஒருத்தர்