மஸ்கட்டில் நாம் வாழ்ந்த நாட்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிசம்பர் எப்போது வரும், ஊருக்கு எப்போது கிளம்பலாம் என்றே ஹாம்பர்க்கில் நாள் ஓடுகிறது என்றாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மஸ்கட்டில் நமக்கும் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. ரூவியில் சின்ன வீடு, வெளியே கால் வைக்க முடியாத வெயில். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் உன் அப்பா யாரையும் வீட்டில் இருக்க விடமாட்டார். விடிந்ததும் விடியாததுமாக முத்ரா மீன் சந்தை. உன் உயரத்துக்கு ஒரு சீலா மீன் தரையில் கிடக்கும். நீ அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்ததற்கே ஒரு மீன்காரத் தாத்தா சிரித்துக்கொண்டு கைநிறைய மத்தியை அள்ளி நம் பையில் போட்டார்.

ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரைக்கு ஆமை பார்க்கப் போனது உனக்கு நினைவிருக்கிறதா? பச்சை ஆமைகள் முட்டையிட வரும் இடம் அது. வழிகாட்டி எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொல்லிவிட்டார். இருட்டில் ஒரு ஆமை துடுப்பால் மணலைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தது. மணல் உன் முகத்தில் தெறித்தது. நீ துடைக்கக்கூட இல்லை. "அது மூச்சு விடுறது கேக்குதும்மா" என்று என் காதில் சொன்னாய்.

அப்புறம் 2007 ஜூன் மாதம் கோனு புயல். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் 'வாதி' என்கிற ஆற்றுப் பள்ளங்களில் வெள்ளம் கார்களை உருட்டிக்கொண்டு போனது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நின்றுவிட்டதால், அத்தனை மழைக்குப் பிறகும் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. லாரி வந்தபோது எதிர்வீட்டு ஓமானிப் பெரியவர் வரிசையில் நம் குடங்களை முன்னால் வைக்கச் சொன்னார். குழந்தைகள் இருக்கிற வீடு என்று அவருக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு நாமாகப் போய்ப் பழகியிருந்தோம். அவர்கள் கொடுக்கும் காவாவை, அந்த ஏலக்காய் போட்ட அரபிக் காபியை, குடித்திருந்தோம். கோப்பையை லேசாக ஆட்டினால்தான் ஊற்றுவதை நிறுத்துவார்கள் என்பது முதலில் பிடிபட்டது உனக்குத்தான்!

ஊருக்குப் போகும் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது, பாப்பா. உன் பிள்ளைக்கு இப்போதைக்கு ஹாம்பர்க்தான் ஊர். அவன் அங்கேதான் நடக்கப் பழகுகிறான். கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் நின்று அவனைக் கொஞ்சுகிறார் என்றாயே, ஒருநாள் கேசரி கிண்டிக் கொண்டுபோய்க் கொடு. மொழி தெரியவில்லை என்று தயங்காதே. எனக்கு என்ன அரபி தெரிந்தது?

எல்பே ஆற்றங்கரையில் ஞாயிறு காலையில் மீன் சந்தை கூடுகிறது என்று அப்பா படித்துச் சொன்னார். 1703-லிருந்து நடக்கிறதாம். காலை ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடுமாம். அதனால் பிள்ளைக்குக் கம்பளியைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு சீக்கிரம் கிளம்பு.

மீன் குழம்புப் பொடி பார்சல் போட்டாயிற்று. இந்த முறை இரண்டு பங்காக வைத்திருக்கிறேன், கீழ்வீட்டுக்கும் சேர்த்து. அவர்களுக்குக் காரத்தைக் குறைத்துப் போடு.

அன்புடன்,
அம்மா