கொள்ளுத்தாத்தாவைச் சர்வே எண்ணில் தேடுங்கள்

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

வணக்கம். கொள்ளுத்தாத்தா பெயர் இராமசாமி, ஊர் சீர்காழிப் பக்கம், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, எங்கே போய்த் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். பெயரை வைத்துக்கொண்டு தேடக் கிளம்பாதீர்கள். நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். பெயர் தானாக வரும்.

காரணம் இதுதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் இராமசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் இராமசாமி என்று மாறி மாறி வரும். பெரியப்பா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் அதே பெயர் இருக்கும். பிரித்துக் காட்டக் குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நூறு வருஷத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளையே வீடு வீடாகப் படிக்கலாம். இந்தியாவில் தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று 1948-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டம் சொல்கிறது. நமக்குக் கிடைப்பது மொத்தத் தொகைகள் மட்டுமே. ஆனால் நிலத்துக்கு எண் உண்டு. அது யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதை அரசாங்கம் வரிக்காகவாவது எழுதி வைத்தாக வேண்டியிருந்தது.

முதலில் ஊரைச் சரியாகப் பிடியுங்கள். வீட்டில் சொல்லும் ஊர்ப்பெயர் பல சமயம் ஒரு குக்கிராமத்தின் பெயராக இருக்கும். பதிவேடுகள் வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும். இது தெரியாமல் அலுவலகத்தில் நின்றால் "அப்படி ஒரு கிராமமே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அடுத்தது மாவட்டம். சீர்காழி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. பழைய கோப்பு எந்த ஆட்சியர் அலுவலகத்தின் ஆவண அறையில் இருக்கும் என்பது நீங்கள் தேடும் வருஷத்தைப் பொறுத்தது. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் இப்படி மாறியவைதான். ஒரே கிராமத்தின் பத்திரங்கள் முப்பது வருஷம் ஓர் அலுவலகத்திலும் பிறகு வேறோர் அலுவலகத்திலும் பதிவாகியிருக்கலாம்.

இனி சர்வே எண். குடும்பத்தில் யாரிடமாவது ஒரு பட்டாவோ பழைய கிஸ்தி (நில வரி) ரசீதோ இருக்கும். நிலம் விற்றுப் போயிருந்தாலும் கவலையில்லை. "ஐயனார் கோயிலுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி" என்று சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர் போதும். கிராம வரைபடத்தை வைத்து எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணுக்கு அ பதிவேட்டு (ஊர் நிலங்களை எண் வாரியாகக் காட்டும் கணக்கு) விவரம் எடுங்கள். கையில் இருக்கும் எண் பெரும்பாலும் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) எண். 1979-இல் தொடங்கி 1980-களில் முடிந்த அந்தத் திட்டத்தில்தான் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டு, பல ஊர்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. ஆகவே பழைய எண் எது என்று தெரியாமல் ஓர் அடி பின்னால் போக முடியாது. அ பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்கென்று ஒரு கலம் உண்டு. இணையத்தில் வருவது சுருக்கம். அந்தக் கலத்துக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் முழுப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.

பழைய எண் கிடைத்ததும் ரீசெட்டில்மென்ட் பதிவேடு, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு என்று வரிசையாக ஏறலாம். செட்டில்மென்ட் என்றால் நிலத்துக்கு வரி நிர்ணயித்தது, ரீசெட்டில்மென்ட் என்றால் அதைப் பிறகு திருத்தி நிர்ணயித்தது. தஞ்சைப் பகுதியில் செட்டில்மென்ட் 1890-களையும் ரீசெட்டில்மென்ட் 1920-களையும் சேர்ந்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பல கிராமங்களுக்கு இவற்றின் அச்சுப் பிரதி இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துப் பிரதி பொடிந்து போயிருந்தால் அங்கே பாருங்கள். தாலுகாவில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். "என் முன்னோர் பற்றிய விவரம் தேவை" என்று எழுதினால் அந்த மனு செத்தது. "இன்ன கிராமம், இன்ன பழைய எண், ரீசெட்டில்மென்ட் பதிவேட்டின் அந்தப் பக்கத்து நகல்" என்று கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பட்டாவில் பெயர் இருப்பதால் அவர்தான் ஒரே சொந்தக்காரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெயர் மட்டும் ஏறியிருக்கும். தம்பிகள் மூவர் இருந்தும் பதிவேட்டில் வாசனையே இருக்காது. அவர்களைப் பத்திரங்களில்தான் காண முடியும்.

அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். வில்லங்கச் சான்றை 1975 முதல் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு மனுக் கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். கட்டணம் தேடும் வருஷங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் மொத்தமாக எண்பது வருஷம் கேட்காமல் துண்டு துண்டாகக் கேளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆள் பெயர் வாரியாக, மற்றது சொத்து வாரியாக. கட்டணம் கட்டினால் இவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. உயில்கள் 3-ஆம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகு அதற்கும் எவரும் நகல் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாததால் நல்ல நல்ல உயில்கள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன. பெயர் அட்டவணையில் "ரா", "இரா" இரண்டையும் பாருங்கள். அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தால் "ஆர்" வரிசை. எதுவும் அகப்படவில்லை என்றால் பத்திரம் பதிவே ஆகாமல் இருந்திருக்கலாம். 100 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையைப் பதிய வேண்டிய கட்டாயம் கிடையாது. அந்தக் காலத்து 100 ரூபாய் பெரிய தொகை.

சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் அவசரப்படாமல் வரி வரியாகப் படியுங்கள். தேதி தமிழ் எண்ணில் ௲௯௱௨௰௧௵ என்று இருந்தால் அது 1921. ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றை க, உ, எ, அ என்று எழுத்தாக வாசித்துக் குழம்புவது எல்லோருக்கும் நடப்பது. ௸ என்றால் மேற்படி, ௹ என்றால் ரூபாய். பரப்பு வேலி, மா, குழியில் வரும்: 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா, தஞ்சைப் பக்கத்து மா ஏறக்குறைய 33 சென்ட்.

எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயர், ஊர், ஜாதி, ஜீவனம் எல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிடும். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" (முன்னோர் வழியாக வந்து) என்றிருந்தால் அவருக்கு முந்தைய தலைமுறையும் அதே நிலத்தில்தான் இருந்தது. "கிரயமாய்க் கிடைத்து" (விலைக்கு வாங்கி) என்றிருந்தால் அந்த முன்பத்திரத்தின் எண்ணும் வருஷமும் கூடவே எழுதப்பட்டிருக்கும். அடுத்த நகல் மனு அதற்குத்தான். "மைனர் கோவிந்தசாமிக்குக் கார்டியன் தாயார் மீனாட்சி" என்று ஒரு வரி வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். தகப்பனார் உயிரோடு இருந்தால் அவர்தான் கார்டியனாக வந்திருப்பார். ஆகவே பத்திரத் தேதிக்கு முன்பே அவர் இறந்திருக்கிறார், பையனுக்கு அப்போது பதினெட்டு ஆகவில்லை, அம்மா பெயர் மீனாட்சி. ஒரே வரியில் மூன்று செய்தி.

விற்ற காரணத்தையும் விடாதீர்கள். "மகள் கலியாணச் செலவுக்காகவும் சர்க்கார் கிஸ்தி பாக்கிக்காகவும்" என்று விரிவாக எழுதியிருப்பார்கள். குடும்பத் தலைவர் பொதுச் சொத்தை விற்றால் குடும்பத் தேவைக்காக விற்றதாகக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு மகன்கள் வழக்குப் போடலாம் என்பதால் வந்த பழக்கம் அது. ஆகவே சில காரணங்கள் வாய்ப்பாடாகவும் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கலியாண வருஷத்தைத் தீர்மானிக்க வேண்டாம். கடைசிப் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாமன், மச்சான், பங்காளி என்று உறவுக்காரர்களே அதிகம் நிற்பார்கள்.

பெண்களைத் தேடுவது கடினம், ஆனால் விட்டுவிடக் கூடாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மகன்கள் மட்டும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1989-இல்தான் வந்தது, அதற்கு முன் கலியாணமானவர்களுக்கு 2005 வரை அதுவும் இல்லை. ஆகவே அத்தைகளும் பாட்டிகளும் விடுதலைப் பத்திரத்திலும் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) தான செட்டில்மென்டிலும் அடமானத்திலும்தான் தென்படுவார்கள். விடுதலைப் பத்திரத்தில் கணவர் பெயரும் புகுந்த ஊரும் இருக்கும். காணாமல் போன ஒரு கிளை அங்கிருந்து திறக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டை இதற்குப் பிறகு எடுங்கள். 1919 பத்திரத்தில் இராமசாமி கையெழுத்து இருக்கிறது, 1926 பத்திரத்தில் "காலஞ்சென்ற இராமசாமி குமாரர்" என்று வருகிறது என்றால், தேட வேண்டியது அந்த ஏழு வருஷ இறப்புப் பதிவேடு மட்டும். கிராமங்களின் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள் என்பதால் தகப்பனார் பெயர், ஆண் அல்லது பெண், தேதி, இவ்வளவுதான் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதியைவிட இது நம்பகமானது. அங்கே சேர்க்கைக்குத் தோதாக மே, ஜூன் மாதத் தேதி போட்டுவிடுவது சகஜம்.

கிராமம் இனாமாக (மானிய நிலமாக) இருந்ததா என்றும் விசாரியுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இனாம்தாரின் வயது, மூல மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஜமீன் கிராமம் என்றால் நிலைமை வேறு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசாங்க செட்டில்மென்ட் வந்தது. அதற்கு முந்தையது ஜமீன் கணக்கில், கிடைத்தால் உண்டு.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழி பாதியில் நின்றுவிடும் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். நிலத்தை உழுதவர் பெயரை விட்டுவிட்டு வரி கட்டியவர் பெயரைத்தான் பதிவேடு எழுதியது. ஆனாலும் 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலங்களுக்குப் பதிவு உண்டு. வீட்டுமனைக்கு நத்தம் பதிவேடு உண்டு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டையும் கேட்டுப் பாருங்கள்.

வருஷக் கணக்கில் சறுக்குவது எளிது. வருவாய்க் கணக்கில் வரும் பசலி என்ற ஆண்டோடு 590 கூட்டுங்கள். 1320 பசலி என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. "தாது வருஷத்தில் பிறந்தவர்" என்று பாட்டி சொன்னால் அது 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். உங்கள் அம்மா வழி நாகர்கோவில் என்றீர்கள். அது 1949 வரை திருவிதாங்கூர், பின்பு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த பகுதி. பழைய பத்திரத்தில் கொல்லம் ஆண்டும் மலையாளமும் வரலாம். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள். ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824.

கிடைக்கும் ஒவ்வொரு நகலின் பின்புறமும் அலுவலகம், புத்தகம், வால்யூம், பக்கம், பத்திர எண், வருஷம் ஆறையும் எழுதி வையுங்கள். இன்னொரு நகல் தேவைப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. ஜமாபந்தி நடக்கும் மே, ஜூனில் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டாம். அப்போது கிராமக் கணக்குகளெல்லாம் தணிக்கையில் இருக்கும், நகல் மனு நகராது. ஜூலையில் போங்கள். அ பதிவேட்டு நகல் வந்ததும் பழைய எண் கலத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், ரீசெட்டில்மென்ட் பக்கத்துக்கான மனுவை எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்