கொள்ளுத் தாத்தா படத்துக்கு இப்போது கலர் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

கொள்ளுத் தாத்தா படத்தைச் செயலியில் போட்டுத் தெளிவாக்கி, கலரும் கொடுத்து, பெரிதாக ஃப்ரேம் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். உனக்கு அந்த ஆசை வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் கொஞ்சம் பொறு, கண்ணு. அவர் எந்தப் படையில் இருந்தார் என்று சொல்ல இன்று நம் கையில் இருக்கும் சாட்சி அந்த உடுப்புதான். அதை முதலில் படித்து முடிப்போம்.

நீ அனுப்பிய படத்தில் அவருடைய இடது தோளைப் பெரிதாக்கிப் பார். தோள்பட்டையில் பித்தளையில் ஒரு எண் இருக்கிறது. இரண்டாவது இலக்கம் 3, அதில் சந்தேகமில்லை. முதல் இலக்கத்தின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு வெள்ளையாகிவிட்டது. 1922-க்கு முன் இந்தியக் காலாட்படைப் பிரிவுகளுக்கு எண்தான் அடையாளம். 63 என்றால் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 73 கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, 83 வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. மூன்றுமே மெட்ராஸ் படைகள். ஆகவே அந்த ஒரு இலக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தெளிவாக்கும் செயலிக்கு இது தெரியாது. மங்கலான இடத்தை அது பார்க்க அழகாக ஏதோ ஒரு இலக்கமாக நிரப்பிவிடும். பிறகு அது 6 என்று குடும்பமே நம்பும், பேரப்பிள்ளைகள் வரை அதையே சொல்வார்கள்.

கலர் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தை உணராத கண்ணாடித் தகடுகளையே பயன்படுத்தினார்கள். சிவப்பும் ஆரஞ்சும் கறுத்துப் போகும், நீலம் வெளுத்துப் போகும். அவர் சட்டையின் இடது மார்பில் இரண்டு ரிப்பன் துண்டுகள் தெரிகின்றன அல்லவா? முதலாவதை உற்றுப் பார்: நடுவில் அகலமான கறுப்பு, இருபக்கமும் மெல்லிய வெள்ளை, அடுத்து மெல்லிய கறுப்பு, ஓரத்தில் வெளிர்ச் சாம்பல். முதல் உலகப் போரில் பணிபுரிந்தவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் நடுவில் ஆரஞ்சு, பிறகு வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். அந்தத் தகட்டில் எடுத்தால் சரியாக இப்படித்தான் விழும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. செயலியோ அந்த ஓரத்தைக் காக்கியோடு சேர்த்து ஏதாவது பழுப்பாக அடித்துவிடும்.

அந்தப் பதக்கம் 1919-இல்தான் உருவாக்கப்பட்டது. பழைய எண்கள் 1922-இல் மாறத் தொடங்கின. அப்படியானால் படம் ஏறத்தாழ அந்த மூன்று வருடங்களுக்குள் எடுத்தது. போருக்குக் கிளம்பும்போது எடுத்த படம் என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் அவர் திரும்பி வந்த பிறகு எடுத்தது இது. அந்த முகத்தை இப்போது பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

அப்புறம், அவரைச் சுபேதார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கையில் இருப்பது வி வடிவப் பட்டைகள் இரண்டு. அது நாயக், சுபேதாரை விடக் கீழ்ப் பதவி. சுபேதாராக இருந்தால் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்க வேண்டும். பின்னால் பதவி உயர்ந்திருக்கலாம், அதைப் படம் சொல்லாது. எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. உன் சித்தியிடம் மட்டும் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. காலில் சுற்றிய துணிப்பட்டியின் முடிச்சு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. நடந்து போகும் படையினர் கணுக்காலிலிருந்து மேலே சுற்றுவார்கள். குதிரைப்படையினர் மேலிருந்து கீழே சுற்றிக் கணுக்காலில் கட்டுவார்கள். ஆக, காலாட்படை என்பதும் பொருந்துகிறது.

உன்னிடம் இருக்கும் அசல் படத்தை ஃப்ரேமிலிருந்து எடுத்து, 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அது படத்தைச் சுருக்கிவிடும். மெயிலில் அப்படியே அனுப்பு. முன்பக்கம் போலவே பின்பக்கமும் வேண்டும். ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கலாம். பொத்தானிலோ பெல்ட் பக்கிளிலோ ஊதுகொம்பு தெரிகிறதா என்றும் பார். லைட் இன்ஃபன்ட்ரிக்கு அதுதான் சின்னம். இருந்தால் 73-ஐ விட்டுவிடலாம்.

இன்னொன்று. வெள்ளியில் செய்த அந்தப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை உருக்கிக் கொலுசு செய்துவிட்டதாகப் பாட்டி சொல்வாள். ஆனால் சிறகு வைத்த பெண் உருவம் உள்ள வெண்கலப் பதக்கம் பெரிய மாமா வீட்டில் இருக்கிறது. அது அதே போருக்குக் கொடுத்த வெற்றிப் பதக்கம், படத்தில் இருக்கும் இரண்டாவது ரிப்பன் அதனுடையதாக இருக்க வேண்டும். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். நீ கேட்டால் மாமா மறுக்க மாட்டார். விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்து அனுப்பச் சொல். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு, எழுத்து தேய்ந்துவிடும்.

இவை கையில் வந்ததும் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு நானே கடிதம் எழுதுகிறேன். அதன் பிறகு ஒரு பிரதிக்கு நீ ஆசைப்பட்டபடி கலர் கொடு. ரிப்பனுக்கு என்ன நிறம் என்று நானே பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா