அந்த ஒரு ‘லாம்’

மாண்புமிகு உயர் நீதிமன்ற நீதியரசர்களுக்கு,

வணக்கம். தாங்கள் தகுதி பார்த்துத் தரும் ‘மூத்த வழக்கறிஞர்’ என்ற பட்டத்தைப் பெற்றவர்களின் பட்டியல் சென்ற வாரம் வந்தது. இடம்பெற்ற எல்லோருக்கும் வாழ்த்துகள். தகுதியில்லாதவர் என்று அதில் ஒருவரையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் விசாரணை நீதிமன்றங்களில் மட்டுமே தொழில் செய்கிற ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் ஜூனியராகத் தொழில் பழகும் என் சீனியர் மாவட்ட நீதிமன்றத்தில் 31 ஆண்டுகளாக நிற்பவர். அந்தப் பட்டம் அவருக்கு இல்லை. பெரும்பாலும் கொலை போன்ற பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் வழக்குகள். போலீஸ் பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகசரில் கையெழுத்திட்ட சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்கிற நாளில் மற்ற கோர்ட்டுகளின் ஜூனியர்கள் வந்து பின்வரிசையில் நின்று கேட்பார்கள். போன முறை, மதிப்பெண் முறை இருந்தபோது, எங்கள் தொல்லை தாங்காமல் விண்ணப்பித்தார். நூற்றில் 50 மதிப்பெண்ணுக்கு முக்கியமானவை அவர் வாதாடிய தீர்ப்புகள். அவையும் ஏதாவது சட்டக் கோட்பாட்டைச் சொன்னவையாக இருக்க வேண்டும். கொலை வழக்கில் விடுதலை வாங்கினால் செஷன்ஸ் நீதிபதி என்ன எழுதுவார்? குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பார். அந்தச் சந்தேகத்தை மூன்று நாள் நின்று உண்டாக்கியவரின் பெயர் முதல் பக்கத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிகளைச் சேர்க்க நான் இரண்டு மாதம் நகல் மனுவோடு ரெக்கார்டு அறைக்கு நடந்தேன். பழைய வழக்குக் கட்டுகள் பல கிடைக்கவே இல்லை.

அப்புறம் நேர்காணல். காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தவரை மாலை நாலரைக்கு அழைத்தார்கள். ஐந்து நிமிடம். அதற்கு 25 மதிப்பெண். திரும்பும் பஸ்ஸில், “நான் நடத்தின கேஸ் ஒண்ணைப் பத்திக்கூட கேக்கலப்பா” என்றார். அதன்பின் ஊர் வரும்வரை பேசவில்லை. பட்டியலில் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு வரிக் கடிதமும் இல்லை.

சில நிமிட நேர்காணலில் ஒருவரை எப்படி அளப்பது என்று உச்ச நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் ஐயப்பட்டது. மே 13 அன்று, வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில் 2017-இல் பிறந்த மதிப்பெண் முறையை நீதியரசர் ஓகா தலைமையிலான மூவர் அமர்வு நீக்கியேவிட்டது. நாங்கள் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர்களின் பங்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல, அவர்களைப் பற்றி முதன்மை மாவட்ட நீதிபதியின் கருத்தை உயர் நீதிமன்றம் கேட்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கேட்கலாம். ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரம் எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தூரத்திலேயே எங்கள் மனுக்கள் எத்தனையோ தள்ளுபடியாகியிருக்கின்றன.

கோரிக்கை இதுதான்: விண்ணப்பித்தவர் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர் என்றால், மாவட்ட நீதிபதியிடம் கேட்டாக வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். தேர்வாகாதவருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.

இதில் எனக்குச் சுயநலம் இல்லையா என்றால், உண்டு. மூத்த வழக்கறிஞருக்கான அந்த கவுன் கிடைத்துவிட்டால், கட்சிக்காரருக்காக வாதாட அதிகாரம் தரும் வக்காலத்தை என் சீனியர் போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்க முடியாது. கட்டுகளெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-வது பிரிவு கேட்பது திறமை, பாரில் உள்ள மதிப்பு, சட்டத்தில் தனி அறிவு அல்லது அனுபவம். எந்தக் கட்டடத்தில் வாதாடினார் என்று அது கேட்கவில்லை. ஆனாலும் கண்ணெதிரே நிற்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கண்ணெதிரே நின்றும் படாதவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் லீலா சேத்துக்கு 1977-இல் அந்தத் தகுதியைக் கொடுத்தது. அடுத்த பெண்ணாக இந்து மல்ஹோத்ரா வர 2007 ஆனது. நடுவில் முப்பது ஆண்டுகள் வேறு பெண்ணே வாதாடவில்லை போலிருக்கிறது! அப்பா நீதிபதி, மாமா பெரிய வக்கீல் என்றால் கண்ணில் படுவது கொஞ்சம் சுலபம் என்று வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்புவதில்லை. காரணங்களை எழுதி வைத்தால் அவர்களும் பேச மாட்டார்கள்.

வரம்பு மீறியிருந்தால் மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம். அந்த ‘லாம்’ஐ ‘வேண்டும்’ ஆக்கித் தாருங்கள் எனப் பணிவுடன் வேண்டுகிறேன். என் சீனியர் இனி விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறார். விண்ணப்பம் இல்லாமலேயே நீதியரசர்கள் எல்லோரும் சேர்ந்த முழு அமர்வு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அதே தீர்ப்பில் இடம் உண்டு. நாளைக் காலை பத்தரைக்கு அவர் செஷன்ஸ் கோர்ட்டில் இருப்பார். அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சியின் குறுக்கு விசாரணை.

இப்படிக்கு,
அவருடைய ஜூனியர்களில் ஒருவன்