லெவல் 3 புதுப் பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். நம் பெண்பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி, அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பான யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸின் விதிப்படி நடக்கும். வால்ட் (ஓடிவந்து தாண்டுவது), பார்ஸ் (கம்பிகளில் ஆடுவது), பீம் (ஒடுங்கிய கட்டையின் மேல் செய்வது), ஃப்ளோர் (தரையில் இசையோடு செய்வது) நான்குக்கும் தலா 10 மதிப்பெண், மொத்தம் 40. இந்த லெவலில் எல்லோருக்கும் ஒரே ரொட்டீன் (செய்துகாட்டும் அசைவுகளின் வரிசை), ஃப்ளோரில் ஒரே இசை. அதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தயாராக வாருங்கள்!

விழுந்தால் 0.5 போகும். ஆனால் மதிப்பெண் கரைவது பெரும்பாலும் சில்லறைக் கழிவுகளில்தான்: முழங்கால் மடிந்தால் 0.3 வரை, பாதம் நீளாவிட்டால் இன்னும் கொஞ்சம், அதுவும் ஒவ்வொரு முறையும். விழாத பிள்ளைக்கும் 8.7 வருவது இப்படித்தான். வால்ட்டில் இரண்டு வாய்ப்பு உண்டு. அதிகமானது கணக்கில் வரும்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் கூடவே கூடாது. பீம் 10 செ.மீ. அகலம்தான், கண் கூசினால் கால் தவறும். மதிப்பெண்ணில் சந்தேகமா? கோச்சிடம் மட்டும் சொல்லுங்கள், நடுவரிடம் போகாதீர்கள்.